பாதி வேளை மருந்து

வாடிப்பட்டிப் பக்கம் மழை ஏய்த்த வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் மதுரைக்கு வந்து மில்லில் சேர்ந்தோம். அவர் நூற்புப் பகுதியில், நான் நூல் சுற்றும் பகுதியில். மூன்றாம் வருஷம் அவரை முறைக்காய்ச்சல் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலை மில் சங்கு ஊதும் நேரத்துக்குச் சொல்லிவைத்த மாதிரி குளிர் வந்து ஆளைக் குலுக்கும். மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"திங்கக்கிழமை சங்குக்கு வந்து நிக்கணும். இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன். அப்பறம் என்னயக் குத்தம் சொல்லாதீக."

அன்று செவ்வாய்.

தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து சும்மாதான். ஆனால் வரிசையில் நின்று வாங்கிவர மதியமாகிவிடும். அவர் கூலி ஏற்கெனவே நின்றிருந்தது. என்னுடையதும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். அதனால் சாயங்காலம் திறக்கும் சந்துமுனை டாக்டரிடம் போனோம். ஒரு பாட்டில் கொயினா மருந்து எட்டணா. கம்பவுண்டர் ஒரு காகிதத் துண்டின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. ஆறு பல், இரண்டு நாள்.

இரண்டு நாளைக்கு எட்டணாவா? எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் கரியால் ஒரு கோடு இழுத்தேன். ஆறு பன்னிரண்டானது. அவரிடம் மூச்சு விடவில்லை. அளவு பார்த்துத் தம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். தறிகெட்டு ஓடும் மனசு நூலில் நிற்காது; அறுந்த இழையை முடிய மறந்து வசவு வாங்குவேன். வியாழக்கிழமை குளிர் வந்தது. சனிக்கிழமையும் வந்தது.

அன்று சாயங்காலம் அவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"மருந்து கேக்கல. ஊசிதான் போடணும். மூணு ரூவா ஆகும்" என்றார் டாக்டர்.

மூன்று ரூபாய்க்கு எங்கே போவேன்? பயத்தில் வாயிலிருந்து உண்மை தானாக வந்துவிட்டது.

"சாமி, மருந்த நான் பாதி பாதியாத்தான் குடுத்தேன்."

டாக்டர் திட்ட வாயெடுத்தார். அதற்குள் பெஞ்சில் சுருண்டு கிடந்தவர் தலையைத் தூக்கினார்.

"அவ ஊத்துனதுலயும் நான் பாதிதான் குடிச்சேன். மிச்சத்தக் கலயத்துல ஊத்தி, பானைக்குப் பின்னால மூடி வச்சிருக்கேன். நாளைக்குப் பிள்ளைக்கு வந்தா வேணும்ல?"

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக அவர் மேல் கோபம் வந்தது, பிறகு என் மேல்.

டாக்டர் ஊசி போடவில்லை. புது பாட்டிலைத் திறந்து, தன் கண் முன்னாலேயே முழு வேளையைக் குடிக்க வைத்தார். அதற்குப் பிறகு நான் ஒரு சொட்டுக்கூடக் குறைக்கவில்லை. அவர் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் திங்கட்கிழமை சங்கு ஊதும்போது அவருக்குக் குளிரில் பல் கிட்டியது. வீட்டிலிருந்த துணியை எல்லாம் போர்த்தி, அவர் மேல் படுத்து அமுக்கிக்கொண்டேன். மேஸ்திரி சொன்னபடி வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை குளிர் வரவில்லை. சங்கு ஊதியதும் அவர் எழுந்து, முகம் கழுவி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசல் வரை போனார். அங்கேயே நின்றார்.

"நீ கெளம்பு புள்ள, நேரமாச்சு" என்றார்.