ஓ நெகட்டிவ், கல்லல்

1. முழித்துக்கொண்டே இருந்த திரை

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவை நான் ஒருவனே பார்த்துவந்தேன். எம்.எஸ்ஸி. படித்தவன், டேட்டாபேஸில் கெட்டிக்காரன் என்று பெயர். ஒரு காலையில் ரத்த வங்கியிலிருந்து பர்வீன் வேகமாக வந்தார். கொடையாளர்களைத் தேடிப் போனில் கூப்பிடுவது அவர் வேலை.

"சார், ஓ நெகட்டிவ்னு தட்டிட்டு டீயே குடிச்சிட்டு வந்துட்டேன். திரை இன்னமும் முழிச்சிக்கிட்டே இருக்கு. அங்குட்டு தியேட்டர்ல டாக்டரம்மா என்னய முழுங்கிருவாக."

கம்ப்யூட்டரில் கொடையாளர்களுக்கு ஒரு டேபிள், அதாவது பட்டியல், இருந்தது. கூப்பிடக் கூடாதவர்களுக்கு 'விலக்கு' என்று இன்னொரு டேபிள்: காமாலை வந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், இறந்தவர்கள். பெயர்களைத் தேடச் சொல்லும் கட்டளையான குவெரி, விலக்கில் இல்லாதவர்களை மட்டும் காட்ட வேண்டும். மெஷின் எந்த வழியில் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் பிளானை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கொடையாளருக்கும் விலக்கு டேபிளை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தது.

காரணம் எங்கள் பக்கத்து வழக்கம். ரத்ததான முகாமில் தகவல் சொல்ல வருகிறவர்கள் கொடையாளர் எண்ணைச் சொல்வதில்லை. 'கல்லல் ஆரோக்கியசாமி', 'நாச்சியாபுரம் சோலைமலை' என்பார்கள். ஊரும் பெயரும் சேர்ந்தால்தான் இங்கே ஆள். அதை அப்படியே டேபிளில் ஏற்றிவைத்திருந்தோம். ஊரையும் பெயரையும் ஒட்டி ஒப்பிட்டதால், ஆளை நேராக எடுத்துத்தரும் இன்டெக்ஸ் உதவவில்லை. ஒவ்வொருவருக்கும் எண்ணைத் தேடிப் போட்டு, அந்த எண்ணில் இன்டெக்ஸ் கட்டுவதுதான் சரியான வழி. அது பல நாள் வேலை.

டாக்டரம்மா கதவருகே வந்து நின்றார். "எனக்கு இப்ப வேணும். அழகு பாக்குறத அப்புறம் வச்சிக்கங்க."

விலக்கைப் பார்க்கச் சொல்லும் வரிகளுக்கு முன்னால் இரண்டிரண்டு சிறு கோடுகள் போட்டேன். அப்படிப் போட்டால் வரி அங்கேயே இருக்கும்; மெஷின் மட்டும் அதைப் படிக்காது. முதல் சில பெயர்கள் வந்ததும் நிறுத்திவிடு என்றும் சேர்த்தேன். பதில் உடனே வந்து விழுந்தது.

"என்னா மந்திரம் போட்டீக சார்?" என்றார் பர்வீன்.

"டியூனிங்ம்மா" என்றேன். கோடுகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது.

2. மூச்சு

சில மாதங்கள் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் பர்வீன் சொன்னார்:

"சார், கல்லல்ல ஆரோக்கியசாமின்னு ஒருத்தர். ஓ நெகட்டிவ் தட்டுனா எப்பவும் அவுக பேருதான் முதல்ல வருது. போன் பண்ணுனா ஒரு பொம்பள எடுக்குறாக. பேசுறதில்ல. மூச்சு மட்டும் கேக்குது. வைக்கவும் மாட்டாக. நாந்தான் வைக்கணும்."

"லைன் கோளாறா இருக்கும். அடுத்த ஆளக் கூப்பிடும்மா."

"கூப்பிடத்தான் செய்யிறேன். ஆனா அடுத்த தடவையும் அவுகதான முதல்ல வந்து நிக்கிறாக!"

அந்தப் பெயர் ஏன் முதலில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் முதல் முகாமில் பதிவான முதல் ஓ நெகட்டிவ் அவர். வரிசைப்படுத்தச் சொல்லாத குவெரி, டேபிளில் கிடக்கிற வாக்கில் எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான். அந்தப் பெயர் விலக்கில் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் கோடுகளைத் தொட வேண்டியிருக்கும் என்ற பயமும் இருந்தது.

அடுத்த அழைப்பில் அந்தப் பெண் பேசினாராம். "எப்ப வரச் சொல்லணும்?" என்று மட்டும் கேட்டாராம்.

3. சட்டை

கல்லறைத் திருநாளன்று பகலில் அந்தப் பெண் நேரில் வந்தார். ரத்த வங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பையும், அதற்குள் தேய்த்து மடித்த ஆண்பிள்ளைச் சட்டையும். பர்வீன் என்னைக் கூப்பிட்டார்.

"நான் ஆரோக்கியசாமி வீட்டுல. அவுக எங்குட்டு இருக்காகன்னு தெரிஞ்சிட்டுப் போவம்னு வந்தேன்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"வெளிநாட்டு வேலைக்குப் போனவுக சார். பெட்டியிலதான் வந்தாக. தொறக்க வேணாம்னுட்டாக, நான் மொகம் பாக்கல. எங்கொழுந்தனாரு உங்க முகாமுக்கு வந்து, அண்ணன் செத்துப்போச்சுன்னு சொன்னாரு. நீங்களும் கூப்பிடுறத நிறுத்திப்புட்டீக. இப்ப திரும்பக் கூப்பிடுறீகன்னா, உங்களுக்கு ஏதோ தகவல் வந்திருக்கத்தான செய்யும்? செத்தவுககிட்ட ஆஸ்பத்திரி ரத்தம் கேக்குமா?"

பர்வீன் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னைக்கு எல்லாரும் கல்லறையில மெழுகுவத்தி ஏத்துறாக. நான் ஏத்தல" என்றார் அந்தப் பெண். "இருக்கிறவுகளுக்கு எப்புடி ஏத்துறது?"

"கம்ப்யூட்டர் கோளாறும்மா" என்றேன். பொய். மெஷின் நான் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது.

"கோளாறுன்னா பேரு மாறி மாறில்ல வரணும்? அவுக பேரையே ஏன் சொல்லுது?"

அவர் கண்ணெதிரிலேயே குவெரியை ஓட்டினேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அந்தப் பெயர் முதலில் வந்து நின்றது. அவர் எழுந்து வந்து திரையின் கண்ணாடியைத் தொட்டார். "இந்தா இருக்காகள்ல."

சரிசெய்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது. புரோகிராமைத் திறந்து கோடுகளை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பழைய தாமதம் திரும்ப வந்தது. திரையில் ஒன்றுமில்லை, கர்சர் மட்டும் மின்னியது. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது மூவரும் திரும்பிப் பார்த்தோம்.

பிறகு பெயர்கள் வந்தன. முதல் பெயர் வேறு யாருடையதோ.

அவர் மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார்.

"அவுகள என்ன பண்ணுனீக?" என்று என்னிடம் கேட்டார்.

சட்டை இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

4. பிறகு

அந்த மாதமே விலக்கில் இருந்த எல்லோருக்கும் எண் போட்டு, இன்டெக்ஸ் கட்டி, குவெரியை மாற்றி எழுதினேன். வேகமாகவும் வந்தது, சரியாகவும் வந்தது. முதலிலேயே செய்திருக்கலாம். நோயாளி யாருக்கும் கெடுதல் நேரவில்லை என்பதால் என்னை யாரும் விசாரிக்கவில்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். குவெரியை வேகப்படுத்தினால், எத்தனை நொடி குறைந்தது என்று பார்ப்பதற்கு முன், பழையதும் புதியதும் அதே ஆட்களைத்தான் தருகின்றனவா என்று பாருங்கள். ஒரு வரியை மறைத்தால், அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நான் வேலையை விட்டு நின்ற பிறகு பர்வீனை ஒருமுறை காரைக்குடி செக்காலையில் பார்த்தேன். ரத்த வங்கிக்கு அவ்வப்போது ஒரு போன் வருகிறது என்றார். எடுத்தால் மூச்சு மட்டும் கேட்குமாம்.

"நீ என்ன சொல்லுவ?"

"இன்னைக்கு ரத்தம் தேவைப்படலம்மான்னு சொல்லுவேன் சார். அப்புறந்தான் வைக்கிறாக."

நடந்தது என்னவென்று அந்தப் பெண்ணிடம் நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கல்லலில் ரயில் நிற்கிறது. எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கியதில்லை.