கயிறு இழுக்காத வாரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னதொரை, அதாவது உதவி மேனேஜர், காலையில் ஓடுவார். காதில் வயரை மாட்டிக்கொண்டு, முட்டிக்கு மேல் நிற்கும் கால்சட்டையோடு, பங்களாவிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் ஓடித் திரும்புவார். நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது, ரோட்டை ஒட்டியே இருக்கிறது. அதனால் அவர் ஓடுகிற நாளும் எனக்குத் தெரியும், ஓடாத நாளும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டார். வாரத்துக்கு நடுவிலும் ஒரு நாள் ஓடமாட்டார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

சித்திரைப் புத்தாண்டுக்குத் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். பெண்களுக்குக் கயிறு இழுத்தல். மேல் டிவிசன் ஒரு பக்கம், கீழ் டிவிசன் மறுபக்கம், பக்கத்துக்கு எட்டுப் பேர். நாங்கள் மேல் டிவிசன், அந்த எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நாங்கள் ஜெயித்ததே இல்லை.

எங்கள் கயிற்றின் கடைசியில் நின்று, அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மொத்தப் பாரத்தையும் தாங்குவது என் அடுத்த வீட்டு அக்கா. அவர் கீழ் டிவிசனில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அந்தப் பக்கம் கயிற்றின் கடைசியில் நிற்பது அவருடைய சொந்த அண்ணன் பெண்டாட்டி. வருஷாவருஷம் நாங்கள் தோற்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்போது அந்த அண்ணி மெதுவாக நடந்து வந்து, “என்ன நாத்தனாரே, மேல் டிவிசன்ல சோறு போடுறதில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போவார். கேலிதான். ஆனால் அக்காவுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. “கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ அவங்களக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப்புடணும்டி” என்பார். இதைத் தவிர அவருக்கென்று வேறு ஆசை இருந்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் சின்னதொரை புதிதாக வந்திருந்தார். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் விளையாடியவராம். மேல் டிவிசனை ஜெயிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று மேனேஜர் பெரியதொரையிடம் சொல்லிவிட்டு, தினமும் சாயந்தரம் எங்களைக் கிரவுண்டுக்கு வரச் சொன்னார். பங்குனி மாதம். கொழுந்து மலிந்து கிடக்கிற நேரம். மற்ற ஏழு பேரும் விடிந்ததிலிருந்து சரிவில் நின்று கொழுந்தெடுத்து, மூட்டையைத் தூக்கி வந்து நிறுத்துப் போட்டுவிட்டு, அப்படியே கிரவுண்டுக்கு வருவார்கள். காலில் அட்டைக்கடி ரத்தம்கூடக் காய்ந்திருக்காது. நான் குழந்தைகளைத் தூக்கித் தூக்கிக் கை கடுத்துப்போய் வருவேன். அவர் குளித்து, தலை சீவி, வாசனையாக நிற்பார்.

“ஒரு நாளும் விடக்கூடாது. ஒரு நாள் விட்டா ஃபிட்னஸ் போயிடும்” என்பார். மரியாதையாகத்தான் பேசுவார், வாங்க போங்க என்றுதான். கணக்குப்பிள்ளை காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவதுபோல எங்களை எண்ணுவார். ஒரு நாள் ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. மறுநாள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “நேத்து ஒங்களுக்கு அரைப்பேர்” என்றார். முழுநாள் சம்பளத்துக்குப் பேர் என்போம், கொழுந்து நிறை குறைந்தால் எழுதுகிற அரைநாள் சம்பளம்தான் அரைப்பேர். அவருக்கு அது வேடிக்கை. எங்கள் பக்கம் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அதன்பிறகு ஒருத்திகூட வராமலும் இருக்கவில்லை.

எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிட எங்கள் ஆட்கள்மேல் வந்த கோபம் அதிகம். இது விளையாட்டு, இதில் பேர் விழுவதும் இல்லை, அறுவதும் இல்லை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள். பரம்பரை பரம்பரையாக ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் பேர் போச்சு என்று வாழ்ந்த உடம்பு. கயிற்றைப் பிடித்தாலும் அதே பயம்தான். காய்ச்சலோடு வந்தார்கள், உள்ளங்கை தோல் உரிந்து துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

அக்காவின் இடுப்பில் கயிறு பதிந்த தடம் கறுத்துப்போயிருந்தது. மலையில் இடுப்புக்குக் கட்டும் படங்குச் சாக்கை மடித்து உள்ளே வைத்துத்தான் கயிற்றைச் சுற்றுவார், அப்படியும் அந்தத் தடம். ஒரு நாள் காலையில் பேரப்பிள்ளையை விடுவதற்குக் காம்பராவுக்கு வந்தவர், பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டு நிமிர முடியாமல் அப்படியே நின்றார். குனிந்த வாக்கில், சுவரைப் பிடித்துக்கொண்டு. முகம் வெளிறிவிட்டது. நான் குழந்தைகளை என்னோடு வேலை செய்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டு அவரை மருந்துக்காம்பராவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரய்யா அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு வாரம் கயித்துப் பக்கமே போகாதீங்க. மீறிப் போனா அப்புறம் கொழுந்துக்கூடையும் தூக்க ஏலாது” என்றார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டது இதுதான்: “ஒரு வாரம் விட்டா கை மறந்துபோயிடாதாடி?”

இடுப்பு போனால் மலை போச்சு, மலை போனால் சோறு போச்சு. இவருக்குக் கை மறந்துபோகுமாம். வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூட்டிவந்தேன்.

அன்று சாயந்தரம் கிரவுண்டுக்கு மற்றவர்களுக்கு முன்னால் போனேன். அன்று காலையில் சின்னதொரை ஓடவில்லை, அது எனக்குத் தெரியும். அங்கிருந்தே பேச்சைத் தொடங்கினேன்.

“தொரை இன்னிக்குக் காலையில ஓடலயே, ஒடம்புக்குச் சரியில்லையா?”

அவருக்குச் சந்தோஷம். தன்னை ஒருத்தர் கவனித்திருக்கிறார் என்று. “இல்ல, இன்னிக்கு எனக்கு ரெஸ்ட் டே. ஓடுறப்ப ஒடம்பு தேயும், ஓய்வுலதான் அது திரும்ப வளரும். இடையில ஒரு வாரம் முழுசா விட்டாக்கூட ஃபிட்னஸ் எங்கயும் போகாது. பழகின ஒடம்பு மறக்காது” என்று ஒரு பாடமே நடத்தினார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன். டாக்டரய்யா சொன்னதைச் சொல்லி, “அப்ப அக்காவுக்கு ஒரு வாரம் விடுங்க தொரை. எங்களுக்கும் நடுவுல ஒரு நாளு ரெண்டு நாளு” என்றேன்.

அவர் சிரித்தார். கோபமெல்லாம் இல்லை, சின்னப்பிள்ளை கேள்வி கேட்டால் சிரிப்போமே, அப்படி. “அது வேற, இது வேற. நீங்க கஷ்டப்பட்டுப் பழகின ஆளுங்க. ஒங்களுக்கு ரெஸ்ட் குடுத்தா சோம்பேறித்தனம்தான் வரும்.”

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லை என்பார்கள். இங்கே உபதேசம் அவருக்கு மட்டும், ஊருக்கு இல்லை. ஓய்வில் வளருகிற உடம்பு அவருடையது, ஓய்வில் சோம்பிப்போகிற உடம்பு எங்களுடையது. இரண்டு உடம்பையும் வேறு வேறு கடவுளா படைத்தான்? கொழுந்தெடுத்த மலையைக்கூட அடுத்த ரவுண்டு வரைக்கும் சும்மா விடுகிறார்கள். கவ்வாத்து வெட்டினால், துளிர்க்கட்டும் என்று மாதக்கணக்கில் அந்த மலைக்கு ஆளை அனுப்புவதில்லை. செடிக்கு இருக்கிற கொடுப்பினை அதைக் கிள்ளுகிறவளுக்கு இல்லை. இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அக்கா வந்துவிட்டார். என் கையைப் பிடித்து, “விடுடி, இழுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் படங்கை மடித்து இடுப்பில் வைத்தார். அன்றைக்கும் இழுத்தார். எனக்கு முன்னால் இருந்தவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

அந்த வாரம்தான் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுத் தாத்தா செத்துப்போனார். வயதாகி, படுக்கையில் கிடந்து போன சாவு. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் வந்துசேரும்வரை பிரேதத்தை வைத்திருந்தார்கள். அடக்கம் முடியும்வரை மேல் டிவிசனில் யாரும் மலைக்குப் போகவில்லை. கிரவுண்டு சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. அங்கே நின்று “ஏலேலோ” என்று கயிறு இழுக்க முடியுமா? எட்டாம் நாள் காரியம் முடியும்வரை விளையாட்டு என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள். சின்னதொரை மாலையோடு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது கணக்குப்பிள்ளையிடம் மெதுவாக, “பிராக்டிஸ்?” என்று கேட்டார். “காரியம் முடியட்டுங்க தொரை” என்று பதில் வந்தது. தலையாட்டிவிட்டுப் போனார். உயிரோடு இருக்கிற அக்காவின் இடுப்புக்குக் காது கொடுக்காதவர் செத்துப்போன தாத்தாவுக்குக் கட்டுப்பட்டார்.

மலைக்கு ஆள் போகாததால் பிள்ளைக்காம்பரா வெறிச்சோடிக் கிடந்தது. சாவி என்னிடம் இருந்தது. சாவு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மத்தியானத்தில் அக்காவைக் கூட்டிவந்து குழந்தைகளின் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் படுக்கவைத்தேன். போத்தலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி இடுப்புக்குக் கீழே வைத்தேன். பாயிலிருந்து மூத்திர வாடையும் பால் வாடையும் வந்தது. அவர் பாட்டுக்குத் தூங்கினார். மறுநாள் வந்து பார்த்தால் ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டி உட்கார்ந்தபடி இழுத்துக்கொண்டிருக்கிறார். பிடி தளர்ந்துவிடுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் துண்டைப் பிடுங்கி எறிந்தேன்.

“செத்தவரு வீட்டுல ஒப்பாரி வச்சுக்கிட்டு இருக்காங்க, நீங்க இங்க துண்ட இழுக்கிறீங்களா? படுங்கக்கா.”

படுத்தார். காரியம் முடிவதற்குள் எல்லோருடைய உள்ளங்கையிலும் புதுத்தோல் வந்துவிட்டது. அக்கா குனிந்து பேரப்பிள்ளையைத் தூக்கி, சுவரைப் பிடிக்காமல் நிமிர்ந்தார். காரியம் முடிந்த கையோடு போட்டி வந்துவிட்டது. மறுபடி ஒரு தடவைகூடப் பழகாமல் போய்க் கயிற்றைப் பிடித்தோம்.

கீழ் டிவிசன்காரிகள் கடைசி நாள்வரைக்கும் பழகியிருந்தார்கள். கையில் துணி சுற்றியிருந்தார்கள். விசில் ஊதியதும் எப்போதும்போல எங்களை ஒரு எட்டு இழுத்தார்கள். அதற்குமேல் நகரவில்லை. பின்னால் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கயிறு எங்கள் பக்கம் வரத் தொடங்கியது, மெதுவாக, நின்று நின்று. கடைசியில் மொத்தமாக வந்து விழுந்தார்கள். அண்ணி மண்ணில் உட்கார்ந்திருந்தார். அக்கா இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவரிடம் போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

“வாங்க அண்ணி. இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போங்க.”

அண்ணியும் சிரித்துவிட்டார். அந்த நிமிஷத்தோடு நாள் முடிந்திருக்கலாம். முடியவில்லை. பெரியதொரை உட்கார்ந்திருந்த கூடாரத்துக்கு நான் பலகாரத்தட்டு கொண்டுபோனேன். சின்னதொரை சிங்களத்தில் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். தினமும் பழக்கியது பெரிசில்லையாம், கடைசி வாரம் வேண்டுமென்றே முழு ஓய்வு கொடுத்தாராம், அதற்கென்று ஒரு முறை இருக்கிறதாம். பெரியதொரை அவர் தோளில் தட்டினார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. தாத்தாவின் சாவையும் தன் பெயரில் எழுதிக்கொண்ட மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். தட்டை வைத்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னேன். “அதான் ஜெயிச்சாச்சேடி” என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

இந்த வருஷம் பங்குனி வந்தது. கயிறும் வந்தது. தினமும் சாயந்தரம், ஒரு நாளும் விடக்கூடாது. ஜெயித்த டிவிசன் பேரைக் காப்பாற்ற வேண்டுமாம். ஓய்வு கொடுக்கிற அந்த முறையைப் பற்றிக் கேட்டேன். இன்னும் காலம் இருக்கிறது, பார்ப்போம் என்றார். அக்காவின் இடுப்பில் பழைய இடத்திலேயே தடம் விழுந்தது.

ஒரு நாள் விடியக்காலையில் பைப்படியில் தண்ணீருக்கு நின்றோம். எங்கள் ஆள் ஒருத்தி குடத்தை இறக்கிவைத்துவிட்டு, “இந்த வருசம் யாருடி சாகப்போறா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எதிர் வாசலில் எங்கள் லயத்திலேயே வயதான பாட்டி போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்னையப் பாக்காதீங்கடி பாவிகளா” என்று அவரும் பொக்கை வாயால் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாட்டியைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவருக்கு மனசு கெட்டது கிடையாது. அந்தப் பாட்டிக்குத் தினமும் கஞ்சி ஊற்றுவதே அவர்தான். ஆனாலும் அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று வீட்டுக்குள் போய்விட்டார். ஒரு நல்ல மனுஷியை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று மற்ற ஏழு பேர் வீட்டுக்கும் ஏறி இறங்கினேன். அரைப்பேர் விழுமோ என்று கேட்டவளை நன்றாக ஏசினேன். சாயந்தரம் நான் மட்டும் கிரவுண்டுக்குப் போனேன். சின்னதொரை கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“தொரை, இந்த வாரம் மேல் டிவிசன்காரங்க வரமாட்டோம்” என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே போட்டார். உடனே தொப்பியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அடடா, யாரு செத்தது?” என்று கேட்டார்.

“யாரும் சாகல தொரை.”

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் திரும்பி லயத்துக்கு வந்தேன். அக்காவின் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.