சிங்கப்பூவும் அதன் கூடப்பிறந்தவையும்

ஷிகெஸோவின் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தவர்கள் யாரும் பூக்கதை கேட்காமல் நாற்காலியை விட்டு இறங்கியதில்லை. டோக்கியோவின் கிழக்கே சுனமாச்சியில், கால்வாயை ஒட்டி இருந்தது அவருடைய முடிதிருத்தும் கடை. கடை வாசலில் வரிசையாய்த் தொட்டிகள். விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருண்டுவிடும் அசகாவ் என்னும் காலைப்பூக் கொடிகள்.

அவற்றில் ஒன்றைப் பார்த்தால் அசகாவ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதழெல்லாம் கிழிந்து, நுனி சுருண்டு, பிடரி சிலிர்த்த சிங்கம்போல இருக்கும். பூவுக்குள் பூவாய் அடுக்கு அடுக்காய் வரும். மகரந்தமும் சூலும் இருக்க வேண்டிய இடத்திலும் இதழே முளைத்துவிடுவதால் அது விதை பிடிக்காது.

"அப்புறம் அடுத்த வருஷம் எப்படிய்யா பூக்குது?" என்று நுரை பூசிய வாயோடு ஒருநாள் மீன்காரர் கிசாபுரோ கேட்டார்.

"கூடப்பிறந்ததுங்க இருக்கே. பாக்க சாதா அசகாவ். அதுங்க விதையைத்தான் எடுத்து வைப்பேன். ஒவ்வொரு விதைக்கும் அப்பன் பங்கு ஒண்ணு, ஆத்தா பங்கு ஒண்ணு. ஒரு பங்கு சாதாவா இருந்தாப் போதும், பூ சாதாவாத்தான் வரும். சிங்கம் உள்ளேயே படுத்துத் தூங்கும். ரெண்டு பங்கும் சிங்கமா அமைஞ்சாத்தான் எழுந்து வெளியே வரும். நாலுக்கு ஒண்ணு அப்படி அமையும்."

"மிச்சம் மூணு?"

"மூணும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். ஆனா ரெண்டுக்குள்ள சிங்கம் இருக்கு, ஒண்ணு வெறுங்கொடி. எது எதுன்னு அது பெத்ததைப் பாத்தாத்தான் தெரியும்."

"அடப்பாவி! என் மாமனாரோட மூக்கு என் பொண்டாட்டிக்கு வரலியேன்னு சந்தோசப்பட்டுக் கட்டினேன். இப்ப என் பொண்ணு முகத்துல உக்காந்திருக்கு!"

"ஆடாதீங்க, காது போயிடும்."

சிங்கப்பூ உண்மையில் ஷிகெஸோவுடையது அல்ல. பக்கத்துச் சந்தில் இருந்த சுவர்ப்பூச்சுக்காரர் ரின்பெய் வளர்த்த வம்சம் அது. போருக்கு ஆள் எடுத்தபோது விதைப்பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டி, "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கடா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ரின்பெய் மஞ்சூரியா போய், போர் முடிந்ததும் ருஷ்யர்கள் கையில் சிக்கி, சைபீரியாவில் மரம் வெட்டப் போய்விட்டார். போர் முடியும் முன், நாற்பத்தைந்தாம் வருஷ மார்ச்சில் விமானங்கள் போட்ட குண்டுத் தீயில் சுனமாச்சியே எரிந்த இரவில், மனைவி தோவாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஷிகெஸோவின் வயிற்றுப்பட்டைக்குள் அந்த விதைகள் இருந்தன. சாம்பல் மேட்டில் தகரக்கொட்டகை போட்டதும், கண்ணாடி மாட்டுவதற்கு முன்னாலேயே விதைத்தார்.

நாற்பத்தொன்பதாம் வருஷக் கோடை கழியும் நேரத்தில் புயல் வந்தது. கடல் கரையேறி, கால்வாயோடு சேர்ந்து கடைக்குள் இடுப்பளவு நின்றது. கொடியில் விதை இன்னும் பச்சைக்காய். உப்புநீர் குடித்த கொடிகள் நின்ற நிலையிலேயே கருகின. பழைய விதை இருந்த டப்பா கீழ்த்தட்டில் கிடந்தது. திறந்தபோது சேறும் நாற்றமும்தான். ஒரு விதையாவது தேறுமா என்று ஷிகெஸோ சேற்றை விரலால் கிளறினார். தோவா கடைக்குள் நின்ற சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ரின்பெய் கப்பலில் வந்து இறங்கினார். பாதி ஆளாய் இளைத்துப் போயிருந்தார். முதல் நாள் ஷிகெஸோ போய்க் கும்பிட்டு, சாக்கே மதுப்புட்டி ஒன்றை வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாய்ப் பொய் சொல்லி ஓடிவந்துவிட்டார். அப்புறம் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. எதிரே ரின்பெய் வந்தால் சோயாக்கட்டி விற்கும் தோஃபுக் கடைக்குள் நுழைந்துகொள்வார். வேண்டாத தோஃபு வீட்டில் குவிந்தது.

"இன்னிக்கும் தோஃபுவா? உங்க சிநேகிதரு ஊர் திரும்பினதுல அந்தக் கடைக்காரன்தான் நல்லாருக்கான்" என்றாள் தோவா.

"என்ன மூஞ்சியோட போய் நிக்கிறது? மனுசன் அந்தப் பனியில பொழைச்சு வந்திருக்கான். ஒரு பூவைக் காப்பாத்தித் தர எனக்குத் துப்பில்ல."

தோவா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஆமா, ஜூன் மாசம் உங்க அக்கா வந்தப்போ, நீங்க வேண்டாம்னு பிடுங்கிப் போட்ட நாத்தை அள்ளிக்கிட்டுப் போனாங்களே? அதெல்லாம் என்ன?"

ஷிகெஸோ வாயில் தோஃபுவோடு எழுந்து நின்றார். பிடுங்கிப் போட்டவை சாதாக் கொடிகள்தான், ஆனால் மூன்றில் இரண்டுக்குள் சிங்கம் படுத்திருக்கும்.

அக்கா மிட்சுவே இதாபாஷி மேட்டில் ஒரு பொதுக் குளியலறையில் கொதிகலன் பார்ப்பவள். புயல்நீர் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. மறுநாள் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஷிகெஸோ ஓடினார்.

"அந்தக் கொடியா? கரிக்கொட்டகை வேலி அசிங்கமா இருக்குன்னு படர விட்டேன். காஞ்சதும் அறுத்து அடுப்புல போட்டேன். நல்லா எரிஞ்சுச்சு" என்றாள் அக்கா.

ஷிகெஸோ அப்படியே கரிமூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"எதுக்குடா இப்படி வெளுத்துப் போற? சாதாப் பூதானே, நீயே தூக்கிப் போட்டது! அந்த மூலையில எட்டாம விட்டது கொஞ்சம் தொங்குது பாரு, போய் எடுத்துக்கோ."

வேலியின் கோடியில் இரண்டு காய்ந்த கொடிகள் மிச்சம் இருந்தன. ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு காயையும் குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் பறித்தார். எந்தக் கொடி விதை எதுவென்று கலக்காமல், ஒன்றை வலது சட்டைப்பையிலும் மற்றதை இடது பையிலும் போட்டுக்கொண்டார். ரயிலில் வரும்போது கைகள் பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

மே மாதம் இரண்டு பெட்டிகளில் விதைத்தார். சிங்கத்தைக் கண்டுபிடிக்கப் பூ வரை காத்திருக்க வேண்டாம். அதன் முளையில் வரும் முதல் இலையே கைவிரலை மடக்கியதுபோல் சுருண்டு வரும். முதல் பெட்டியில் முளைத்ததெல்லாம் விரிந்த, தட்டையான இலை. ஒன்றுவிடாமல் தட்டை. அவை வெறுங்கொடியின் பிள்ளைகள். இரண்டாவது பெட்டியிலும் முதலில் வந்தவை தட்டையாகவே வந்தன. ஷிகெஸோ அந்த வாரம் ஒருவர் கிருதாவை ஒன்று மேலும் ஒன்று கீழுமாய் வெட்டி அனுப்பினார்.

ஒரு காலையில் தோவாதான் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க ஒண்ணு கையை மூடிக்கிட்டு வந்திருக்கு."

ஓடிவந்து தரையில் குப்புற விழுந்து பார்த்தார். சுருண்ட இலை. பக்கத்தில் மண்ணை முட்டிக்கொண்டு இன்னொன்று. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தோவாவுக்குப் புரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கடை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ரின்பெய் வீட்டு வாசலில் போய் நின்றார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார்: வெள்ளம், டப்பா, அக்காவின் அடுப்பு, தோஃபு.

ரின்பெய் நாற்றைப் பார்க்கவில்லை, இவரையே பார்த்தார்.

"இதுக்காகவா என்னைக் கண்டா ஓடினே?"

"வேற எதுக்கு?"

"நான் ருஷ்யாக்காரன் வளர்ப்பு, செவப்புக் கம்யூனிஸ்டாகித் திரும்பிட்டேன்னு நீயும் நினைச்சிட்டியோன்னு இருந்தேன்டா. வேலை கேக்கப் போற இடத்துலயெல்லாம் அதைத்தான் சொல்றாங்க. போலீஸ்காரன் வேற மாசாமாசம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறான். சரி, ஷிகேவும் அப்படித்தான்னு..." அவர் மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டார். "பூ எல்லாம் தீயிலேயே போயிருக்கும்னு அங்கேயே ஆசையை விட்டுட்டேன். எவனாவது குண்டு விழறப்ப பூவிதையைத் தூக்கிக்கிட்டு ஓடுவானா? பைத்தியக்காரா!"

"நீ பாத்துக்கன்னு சொன்னியே."

"சொன்னா?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். உள்ளேயிருந்து ரின்பெய்யின் மனைவி நோபுயோ எட்டிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் இப்படிச் சிரித்து அவள் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பிந்தி முளைத்த ஒன்றையும் சேர்த்து, அந்த ஆகஸ்டில் மூன்று செடிகள் சிங்கமாய்ப் பூத்தன. தட்டை இலைக் கூடப்பிறந்தவற்றில் ஒன்றைக்கூட ஷிகெஸோ பிடுங்கவில்லை. பாதியை ரின்பெய் எடுத்துக்கொண்டார், பாதி இவரிடம். கொஞ்சம் அக்காவின் வேலிக்குப் போனது. "அடுப்புல போட்டே, அவ்வளவுதான்" என்று மிரட்டித்தான் கொடுத்தார். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைக்கும் பழக்கம் அதோடு போயிற்று.

ரின்பெய்க்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவர் பூசும் வேலை கிடைத்தது. வேலைக்குப் போவதற்கு முந்தைய நாள் முகம் மழிக்க வந்தார். ஷிகெஸோ சுடுதுணி போட்டு, நுரை பூசி, கத்தியைத் தீட்டித் திரும்பிப் பார்த்தால், ஆள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். நோபுயோ சொல்லியிருக்கிறாள், இரவில் சின்னச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்துகொள்பவர். ஷிகெஸோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே வர இருந்த கிசாபுரோவை வாசலிலேயே கைகாட்டி நிறுத்தினார்.