அழைப்பிதழ்களை மட்டும் நம்பிய தமயந்தியக்கா

எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் அவசரக் கூட்டம், ஏறத்தாழ அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு, இரங்கல் பலகையில் நீல நிற மார்க்கரைப் பயன்படுத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. கறுப்பு மார்க்கர் காய்ந்துவிட்டது. சிவப்பு பொருத்தமில்லை என்று மூத்தவர்கள் கருதினார்கள். பச்சைக்கு ஆதரவாக எழுந்த ஒரே குரல் பின்னர் வாபஸ் பெறப்பட்டது. இந்தத் தீர்மானத்தைச் செயலாளர் போனில் தெரிவித்தபோதுதான் பலகையில் யார் பெயர் என்று கேட்டேன். "நம்ம தமயந்தியக்காண்ணே" என்றார்.

நம்பவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகே நம்பினேன். வேறு யாராவது இறந்திருந்தால் அக்கா சான்றிட்ட நகல் கேட்டிருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்ப வழக்குகளில் கணவர்கள் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மீறும் விஷயங்களைப் பின்தொடர்ந்து, உயர் நீதிமன்றக் கிளையில் அவமதிப்பு மனு போடுவதே அவர் தொழிலாக இருந்தது. நான் பெரும்பாலும் கணவர்கள் பக்கம். ஆகவே இருபது ஆண்டுகள் அவருடைய சந்தேகத்துக்கு மிக அருகில் வாழ்ந்திருக்கிறேன். தன் காதையே நம்பாமல், வழக்கைக் கூப்பிடும் வரை கோர்ட் வாசற்படியை விட்டு நகர மாட்டார். கேண்டீனில் என்னோடு டீ குடித்தாலும் வழக்குக் கட்டை மடியில்தான் வைத்துக்கொள்வார். மேஜையில் வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க இருக்கீகள்ல தம்பி" என்றார்.

அவர் நம்பியது அழைப்பிதழ்களை. கையில் கிடைத்ததையெல்லாம் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். திருமங்கலத்துக்காரர் ஒருவர் தனக்குச் சொத்தே இல்லை, கூலி வேலைதான் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருந்தார். அதை நானே தயாரித்தேன், நன்றாகவே வந்திருந்தது. அக்கா எதிர்த்து வாதாடவில்லை. அந்தத் திருமங்கலத்துக்காரர் வீட்டுக் காதணி விழா அழைப்பிதழை எடுத்து நீட்டினார். அதில் என் கட்சிக்காரர் கோட்டு சூட்டோடு, பெயருக்கு முன்னால் 'தொழிலதிபர்' என்ற பட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும், "கோர்ட்டுல கொறச்சுப் பொய் சொல்லுவாக, காதுகுத்துல கூட்டிப் பொய் சொல்லுவாக. ரெண்டையும் பக்கத்துல வச்சா நடுவுல மனுசன் நிப்பான்" என்றார். அதன் பிறகு என் கட்சிக்காரர்களிடம் முதலில் கேட்பது, வீட்டில் விசேஷம் ஏதும் வருகிறதா என்பதுதான்.

மேலூர் சௌந்தரபாண்டியிடம் கேட்காமல் விட்டேன். அவர் டிப்பர் லாரி வைத்திருப்பவர். மனைவி ஜெயந்தியின் நகைகளை விற்று விளாங்குடியில் ஒரு வீடு கட்டி, பூட்டி வைத்திருந்தார். ஜெயந்தியும் மகளும் ஜெயந்தியின் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் இருந்தார்கள். வீட்டை யார் பெயருக்கும் மாற்ற மாட்டேன், மூன்று மாதத்துக்குள் இருவரையும் அதில் குடியமர்த்துவேன் என்று குடும்ப நீதிமன்றத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே தம்பி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதினார். எனக்குத் தெரியாது. இதை அக்காவிடமும் சொன்னேன்.

ரகசியமாக எழுதிய வீட்டுக்குத் தம்பி கிரகப்பிரவேசம் வைத்தார். வைத்தவர், பழகியவர்களுக்குப் பத்திரிகை கொடுக்காமல் இருக்க முடியுமா? அண்ணன் சௌந்தரபாண்டி நீதிமன்ற வளாகத்துக்கே வந்து, ஒருவருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று, எங்கள் வழக்கறிஞர் சங்க அறையிலிருந்த எல்லா மேஜைகளிலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது மேஜை தமயந்தியக்காவுடையது. மஞ்சள் தடவிய கவரைப் பிரித்துப் படித்தவர், "தம்பி, விளாங்குடிக்குச் சேர்ந்தே போவமா?" என்று என்னைக் கேட்டார்.

அவமதிப்பு மனுவில் சௌந்தரபாண்டி நேரில் நின்று, நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். ஜெயந்திக்கு மனம் இளகிவிட்டது. வராந்தாவில் அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"அக்கா, அவரு கண்ணுல தண்ணியே வந்துருச்சுக்கா."

"எந்தக் கண்ணுல?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீக?"

"ஒரு கண்ணுன்னா தூசி. ரெண்டுன்னா வக்கீலு சொல்லிக் குடுத்தது. மன்னிப்ப வச்சு நீ குடியிருக்க முடியாதுத்தா. பத்திரம் ரத்தாகட்டும், அழுகையை அப்புறம் பாப்போம்."

நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கையெழுத்திட்டு ரத்துப் பத்திரம் பதிவு செய்தார்கள். கோர்ட்டில் நகல் கொடுத்தோம். எல்லோருக்கும் திருப்தி. அக்கா மட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். அந்தச் சொத்தில் இரண்டு மனைகள்: ஒன்றில் வீடு நிற்கிறது, பின்னாலிருப்பது காலி. தம்பிக்குப் போனவை இரண்டும். ரத்தாகித் திரும்பியது காலி மனை மட்டும்.

தட்டச்சில் விட்டுப்போயிற்று என்று நீதிபதியிடம் விளக்கினேன். என் குமாஸ்தாவும் அதையே சொன்னார். இரண்டாவது பத்திரத்துக்கு அவகாசம் கிடைத்தது. படியிறங்கும்போது அக்கா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "ஒங்க ஆபீசு டைப்பிங்ல விட்டுப்போறது எல்லாம் ஏன் தம்பி பொண்டாட்டி பங்காவே இருக்கு?"

என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அந்த அவகாசம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள் சௌந்தரபாண்டி அலுவலகத்துக்கு வந்தார். முறைப்படி வருத்தம் தெரிவித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா நல்ல மனுசிதான் சார். ஆனா இனிமே இம்புட்டு நுணுக்கமா யாரு பாக்கப் போறா?"

"எதை?"

"பத்திரத்த. போன தடவ மாதிரி இந்தத் தடவையும் ஏதாச்சும் விட்டுப்போகட்டுமே சார்."

"போன தடவை விட்டுப்போனதா, விடச் சொன்னதா?"

அவர் என் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா மின்விசிறியைப் பார்த்தார்.

அக்கா இருபது ஆண்டுகளாக என்னைச் சந்தேகப்பட்டதில் முகவரி மட்டும் சற்றுத் தவறு, தெரு சரி என்று அப்போது புரிந்தது. அவருடைய சட்டப் புத்தகங்களைச் சங்க நூலகம் எடுத்துக்கொண்டது. அழைப்பிதழ்க் கட்டுகளை அவர் மகள் பத்திரப்படுத்தியிருக்கிறார். என்னிடம் இருப்பது அவருடைய சந்தேகம். அதை முதன்முதலில் என் கட்சிக்காரர் மீதும், என் குமாஸ்தா மீதும், நான் போட்ட கையெழுத்துகள் மீதும் செலுத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பத்திரத்தை நானே தட்டச்சு செய்தேன். மூலப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து, விரலை வரி வரியாக ஓட்டி, இரண்டு மனைகளையும் நான்கெல்லையோடு சரிபார்த்தேன். பதிவு அலுவலகத்தில் அண்ணனும் தம்பியும் கைரேகை வைக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு வில்லங்கச் சான்றுக்கும் விண்ணப்பித்தேன்.

ஜெயந்தியும் மகளும் விளாங்குடி வீட்டில் இருக்கிறார்கள். சௌந்தரபாண்டி வக்கீலை மாற்றிவிட்டார்.