கோத்திரம் கிடைத்த ஜேர்மன்காரி

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஜேர்மன்காரி ஒருத்தி, போன வருடம் என்னை இமயமலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான்தான் அவளைக் கூட்டிப்போனதாக, ஜேர்மனியில் நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டில் எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இல்லத்துக் கிழவர்களுக்குக் கதிரையில் இருத்திவைத்து யோகாசனம் பழக்குகிறவள். நான் அவர்களைக் குளிப்பாட்டுகிறவள். ஒரு நாள் கோப்பி குடிக்கும்போது, "புல்வெளிகள் வழியாக ஐந்து நாள் நடை. முடிவில் ஒரு சிவன் கோயில். வாயேன், உன் வேர்களைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றாள். என் வேர் யாழ்ப்பாணத்தில், ஒரு பனை உயரத்துக்குக்கூட மேடு இல்லாத இடத்தில் இருக்கிறது. பீலெஃபெல்டுக்கும் இத்தாலியின் தெற்கு மூலையில் உள்ள சிசிலிக்கும் இடையிலான தூரத்தைவிட அங்கிருந்து இமயமலை தூரம். சிசிலியில்தான் உன் வேர் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சிவன் கோயில் என்ற பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீர் பஸ் பிடிக்கவே ஓடமாட்டீர். மலை ஏறப்போறீரோ?"

"ஏறிக் காட்டுறன், பாருங்கோ."

"ஓம், போயிட்டு வாரும். சமையலை நான் பாக்கிறன்."

கல்யாணம் கட்டி முப்பது வருடத்தில் அந்த வசனத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்காகவே போகலாம் போலிருந்தது.

மலையடிவாரத்தில் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டி நேரே என்னிடம் வந்து ஹிந்தியில் நீளமாகப் பேசினான். நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அவள் ஹிந்தியிலேயே பதில் சொன்னாள். இரண்டு மாரிகாலம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தவள். அவன் வாய் பிளந்து பார்த்துவிட்டு, என்னைக் காட்டி ஏதோ கேட்டான். "நீ ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்கிறான்" என்று ஜேர்மன் மொழியில் எனக்கு விளக்கினாள். அவள் என்ன பதில் சொன்னாளோ, எங்கள் மூட்டைகளுக்காக வந்த கோவேறு கழுதை பிடிக்கிறவன் மறுநாள் காலையில் அவளுடைய தோள்பையையும் என்னிடமே தந்தான். வெள்ளைக்கார அம்மாவோடு வந்த வேலைக்காரி என்று நினைத்திருக்கிறான். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். இல்லத்தில் இதைவிடப் பாரமானவர்களைத் தூக்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காட்டைத் தாண்டினோம். மரமெல்லாம் ஒரேயடியாக நின்றுவிட, அதற்கு மேலே வானம் வரைக்கும் புல். இடையிடையே மஞ்சளும் ஊதாவுமாகச் சின்னப் பூக்கள், தூரத்தில் செம்மறிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளை மலை. அவள் கைகளை விரித்துக்கொண்டு அழுதாள். "உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?" என்று கேட்டாள். தோன்றியது. குனிந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் அந்தப் பூக்களின்மேலேயே சத்தி எடுத்தேன்.

அதோடு என் யாத்திரை முடிந்தது. அந்த உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலை வெடித்துவிடும்போல இருந்தது. வழிகாட்டி என்னைக் கழுதையில் ஏற்றி, கோயிலுக்குப் போகிறவர்கள் தங்குகிற கீழ்க் கிராமத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சத்திரத்தில் படுக்கவைத்தான். அவள் தானும் நின்றுவிடுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லிவிடுவாளோ என்று பயந்து, "நீ போ. எனக்காகவும் கும்பிடு" என்றேன்.

சத்திரத்துக்காரி என் வயதுதான் இருப்பாள். உள்ளிப்பூண்டை அவித்துத் தண்ணீரைக் குடிக்கத் தந்தாள். தன் துண்டால் என் தலையை இறுக்கிக் கட்டினாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் பேசியதும் அவளுக்கு அப்படித்தான். அது இரண்டு பேருக்குமே வசதியாக இருந்தது. பீலெஃபெல்டில் பசு ஏன் புனிதம், மறுபிறப்பு உண்டா என்று கேட்கிறவர்களுக்கு முப்பது வருடமாகப் பதில் சொல்லிக் களைத்தவள் நான். இங்கே ஒருவரும் என்னிடம் இந்து சமயத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாள் தலையிடி குறைந்ததும் அடுப்படியில் குந்தியிருந்து அவளோடு பட்டாணி உரித்தேன். எங்கேயோ மேலே மணி அடித்தது. அவள் கையெடுத்துக் கும்பிட, நானும் கும்பிட்டேன். உண்மையைச் சொன்னால், பல வருடமாக அப்படி நிம்மதியாக நான் கும்பிட்டதில்லை.

ஜேர்மன்காரி நெற்றி நிறையத் திருநீறோடும் மணிக்கட்டில் சிவப்பு நூலோடும் இறங்கி வந்தாள். ஐயர் கோத்திரம் கேட்டாராம். தெரியாது என்றதும் காசியப கோத்திரம் என்று அவரே வைத்துக்கொண்டு அர்ச்சனை செய்தாராம். என் பெயரையும் சொன்னாளாம், ஆனால் எனக்கும் ஒரு கோத்திரம் வைக்கச் சொல்ல ஞாபகம் வரவில்லையாம்.

பீலெஃபெல்டுக்குத் திரும்பியதும் எங்கள் கோயில் மடத்தில் படம் காட்ட அவளைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க நான். அவள் ஒரு போத்தல் தீர்த்தத்தோடும் ஒரு பொட்டலம் திருநீற்றோடும் வந்திருந்தாள். படம் முடிய, பட்டுச்சேலைகள் எல்லாம் அவளுக்கு முன்னால் வரிசையில் நின்று நெற்றியைக் காட்டின. வரிசையில் முதலாவதாக நின்ற அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீரும் போனனீர்தானே?"

"ஓம், அக்கா."

"பிறகேன் சாமியைப் பாக்கேல்லை?"

"தலையிடி, அக்கா. ஏறேலாமல் போச்சு."

"கொடுத்து வைக்கேல்லை, பிள்ளை. அவவைப் பாரும், என்ன பக்தி!"

அடுத்த வருடம் திரும்பவும் போகிறாளாம். அந்த அக்காவோடு சேர்த்து ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நேற்று என்னிடம், "நீயும் வரவேண்டும். நான் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் தேவை" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.