அமலி கேட்ட ‘ஆம்’

ஆய்வக ஓவனில் காயும் தென்னை ஓலைக்கு ஒரு வாசம் உண்டு... பாதி வைக்கோல், பாதி கருகிய சர்க்கரை. கோவையில் பிஎச்.டி. செய்த வருடங்கள் முழுக்க என் சட்டையில் அந்த வாசம்தான்.

பக்கத்து மேஜை என்னோடு ஆராய்ச்சி செய்த அமலியுடையது. உடுமலைத் தோப்புகளில் வெயிலில் அலைந்து, நோய் விழுந்த ஓலைகளைப் பறித்தது இருவரும். உட்கார்ந்து அளந்து, அட்டவணை போட்டது முழுக்க அவள். கட்டுரையை நான் டைப் அடித்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

ஆராய்ச்சியாளர்களுக்கென்று இருக்கும் நெட்வொர்க் தளத்தில் கட்டுரையை ஏற்றியது நான். அவளுக்கு அப்போது அங்கே ப்ரொஃபைல் இல்லை. அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று என் பெயரை மட்டும் போட்டேன்.

அடுத்த வாரமே அவளும் சேர்ந்தாள். எனக்கு ரெக்வெஸ்ட் வந்தது. “அமலி இக்கட்டுரையின் இணை ஆசிரியரா?” கீழே ஆம், இல்லை.

“ஏனுங்க, அதை ஓகே பண்ணிப்போட்டீங்களா?”

“பண்ணறேனுங்க அமலி... ரெண்டு நாள் பொறுங்க.”

பண்ணவில்லை.

கல்லூரி வேலைக்கு இன்டர்வியூ இருந்தது. தனியாக எழுதிய கட்டுரை என்றால் கெத்து. வேலையும் கிடைத்தது. அவள் இன்னும் இரண்டு முறை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் டெங்குவில் போய்விட்டாள். சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றேன். முன்னால் போகக் கூச்சமாக இருந்தது.

அந்த ரெக்வெஸ்ட் மட்டும் மாதாமாதம் நினைவூட்டல் மெயிலாக வரும். மெஷின் அனுப்புவது என்று தெரியும். திறக்காமலே அழித்துவிடுவேன்.

போன வாரம் வந்தது வேறு...

“அமலி உங்கள் கட்டுரையை இன்று வாசித்தார்.”

அவள் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அவ லேப்டாப் பீரோவுலதானுங்க இருக்குது. பாஸ்வேர்டு எங்க யாருக்கும் தெரியாதுங்க... ஏனுங்க, என்னாச்சுங்க?”

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

இன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, தளத்தைத் திறந்து ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். இத்தனை வருடம் கழித்து.

திரையில் ஒரே வரி.

“இந்தக் கோரிக்கையை அமலி பத்து நிமிடங்களுக்கு முன் திரும்பப் பெற்றுக்கொண்டார்.”

அன்றைக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தாள். தலையைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இப்போது, ஆளில்லாத இந்த ஸ்டாஃப் ரூமில், பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது...