மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரு புது எரிச்சல். பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தால் எதிர் வரிசையில் பாதிப் பேர் காதிலிருந்து ஒயர் தொங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள், ஆபீஸ் போகிற பெண்கள், டை கட்டிய ஆண்கள் எல்லாரும் காதுக்குள் ஒரு குமிழைச் செருகிக்கொண்டு, ஊரே பார்க்கும்படி ஒயரைச் சட்டைக்கு மேலே தொங்கவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டுவதில்லை. யாரும் குனிந்து அவர்கள் சட்டைப் பையைப் பார்த்து 'ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று கத்துவதில்லை. எனக்கு மட்டும் ஏன் அப்படி நடந்தது என்று அவர்களை ஒவ்வொருவராக உலுக்கிக் கேட்கலாம் போலிருக்கும். கேட்டாலும் அவர்கள் காதில் விழாது.

எனக்குச் சின்ன வயதிலேயே காது மந்தம். ஏதோ ஒரு காய்ச்சலில் போனது என்று அம்மா சொல்வார். எழுபதுகளில் நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு காது மிஷின் கொடுத்தார்கள். சிகரெட் பெட்டி அளவில் ஒரு டப்பா. அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்து வழியாக ஏறி, என் இடது காதின் அச்செடுத்து வார்த்த ஒரு குமிழில் முடியும். டப்பாவின் பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மைக் நெஞ்சில் இருந்ததால் முதலில் எனக்குக் கேட்டது என் துணிதான். டீச்சர் பேசினாலும், அம்மா கூப்பிட்டாலும், மாதா கோயிலில் பாட்டுப் பாடினாலும் எல்லாவற்றுக்கும் மேலே என் சட்டை உரசுகிற சத்தம், மணல்தாளைத் தேய்ப்பது போல, விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பள்ளியில் எனக்கு ரேடியோ என்று பெயர். "ரேடியோ, நியூஸ் போடு லா" என்பார்கள். கூடப் படித்தவர்களில் இப்போது பெரிய வேலையில் இருப்பவர்களும் உண்டு. தேக்கா கடைத்தெருவில் எதிரே வந்தால் அன்பாகத்தான் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. மன்னிக்கிற குணம் நல்லது என்று பூசையில் ஞாயிறுதோறும் சொல்கிறார்கள். நான் அந்த நேரத்தில் சக்கரத்தைக் குறைத்து வைத்துவிடுவேன்.

எனக்குக் கல்யாண வயது வந்தபோது எண்பதுகள் பிறந்திருந்தன. கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற ஆன்ட்டி ஒருவர் ஒரு வரன் கொண்டுவந்தார். எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம், ஆங் மோ கியோவில் வீடு, பையன் பேங்கில் கிளார்க். பெண் பார்க்க வருகிற அன்று காலையில் அம்மா என் எதிரே வந்து நின்று, நான் உதட்டைப் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவங்க இருக்கிற வரைக்கும் மிஷின் வேணாம். முகத்தைப் பாத்தாதான் உனக்கு எல்லாம் புரியுமே."

மிஷின் பிஸ்கட் டின்னுக்குள் போனது. புக்கிட் மேராவில் எங்கள் மூன்றறை வீட்டின் கூடத்தில் நான் தட்டோடு வந்து, உட்கார்ந்து, யார் பேசினாலும் அவர் வாயைப் பார்த்து, மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தேன். போகும்போது பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதிர்ந்து பேசாத பொண்ணு, ரொம்ப அடக்கம்" என்றார். அடக்கமாம். அந்தக் கூடத்தில் பேசியதில் பாதி எனக்கு எட்டவே இல்லை.

பையனுக்கும் என்னைப் பிடித்துவிட்டது. அவர் என்று மரியாதையாகவே எழுதுகிறேன், வளர்ப்பு அப்படி. அதன்பிறகு இரண்டொரு முறை வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பேச்சென்றால் ஸ்டீரியோ பேச்சுதான். சம்பளம் வந்ததும் சிராங்கூன் ரோட்டுக் கேசட் கடையிலிருந்து டவுன் கடைகள் வரை ஏறி இறங்குகிற ஆள். எந்த ஸ்பீக்கரில் பேஸ் அதிகம், எந்த ஆம்ப்ளிஃபயர் சூடாகும் என்று அடுக்குவார். நான் ஒரு சொல் தவறாமல் இருக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் சொன்னார்:

"என் ஃபிரெண்ட்ஸ்கூட நான் பேசறதை இவ்ளோ கவனமா கேக்க மாட்டாங்க. நீதான் கேக்கிற."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதை நம்பி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நான் அவரிடம் சொல்லிவிடலாம் என்று அம்மாவைக் கெஞ்சினேன். அம்மா வேறு கணக்குப் போட்டிருந்தார்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் மணமக்கள் பெயரைச் சபைக்கு முன் படிப்பார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். ஓலை படிப்பது என்போம். மூன்று ஓலையும் படித்தாகிவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி.

"மூணாவது ஓலை படிச்சிட்டா அப்புறம் அவங்க பின்வாங்க மாட்டாங்க. சபை முன்னாடி மானம் போயிடும்ல? அதுக்கப்புறம் நானே மெதுவா சொல்லிக்கிறேன்" என்றார் அம்மா.

இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. கோயிலில் தடை உண்டா என்று கேட்பதையே தடையை மறைக்கிற பூட்டாக ஆக்கிக்கொண்டார். கோயிலுக்கும் நான் மிஷின் இல்லாமல்தான் போக வேண்டியிருந்தது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அதே பூசைக்கு வரத் தொடங்கியிருந்ததால். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் படித்தது எனக்குக் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபாதரின் வாய் தூரத்தில் அசைந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, ஓசையில்லாமல் உதட்டைப் பெரிதாக அசைத்து, "படிச்சாச்சு" என்றார். என் பெயரை என் சபை கேட்டதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை அவர் என்னை ஒரு ஆடியோ கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். இரண்டு ஓலை படித்தாகிவிட்டதால் துணைக்கு ஆளில்லாமல் அனுப்ப அம்மா சம்மதித்தார். துறைமுகத்துப் பக்கம் பெரிய மண்டபம். உள்ளே ஆளுயர ஸ்பீக்கர்கள். எனக்கு அவை காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டன. கூட்டமும் இரைச்சலும் எனக்கு வசதியாக இருந்தன. அங்கே எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்தித்தான் பேசினார்கள். அன்றைக்கு ஊரே என்னைப் போல இருந்தது.

ஒரு கண்ணாடி மேசைக்கு முன்னால் நீள வரிசை. காதுக்கு மேலே கவிழ்க்கிற ஹெட்ஃபோன் எல்லாம் பழசாகிவிட்டதாம், இது காதுக்குள்ளேயே போய் உட்காருமாம். சீருடை போட்ட சீனப் பெண் ஒருத்தி ஒவ்வொருவர் கழற்றியதும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அடுத்தவரிடம் கொடுத்தாள். நான் வரிசையில் நின்று பார்த்தேன். ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் டப்பா. அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் நுனியில் காதுக்குள் போகிற குமிழ். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடம் முழுக்க நான் ஒளித்துவைத்த சாமானை மாட்டிப்பார்க்க இத்தனை பேர் கால்கடுக்க நிற்கிறார்களே என்று வந்த சிரிப்பு. இரண்டு அடி நகர்வதற்குள் அது ஆத்திரமாகிவிட்டது.

அவர் முதலில் கேட்டார். கண்ணை மூடினார், தலையை ஆட்டினார், எடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "பேஸ் கொஞ்சம் கம்மி. ஆனா ட்ரெபிள் சுத்தம் லா. வாய்ஸ் நடு மண்டையில நிக்குது. நீ கேட்டுப் பாரு."

வேண்டாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் முடியை ஒதுக்கி, தானே என் காதுகளில் வைத்தார். வலது காதில் இறுக்கமாக நின்றது. இடது காதில் தளர்ந்து விழப்பார்த்தது. வருடக்கணக்காக அச்சுக் குமிழ் போட்டுப் போட்டு அந்தத் துளை அகன்றுபோயிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் ஏதோ கொசு பாடுவது போலிருந்தது. டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். என் கட்டைவிரல் பார்க்காமலே அதன் பக்கவாட்டுக்குப் போய்ச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. யோசித்துச் செய்யவில்லை. அந்த விரலுக்கு வேறு பழக்கம் கிடையாது. கடைசிவரை திருப்பினேன்.

அப்புறம் நான் கேட்டதை எழுத முயல்கிறேன். முதலில் பியானோ. ஒவ்வொரு கட்டையும் விழுந்து, தேய்ந்து, முடிகிறது. நான் அதுவரை விழுவதை மட்டும்தான் கேட்டிருந்தேன். பிறகு தாளத் தட்டில் குச்சி பட்டு, எண்ணெயில் கடுகு போட்டது போல ஒரு பொரிதல். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் வேறொன்று. சத்தத்துக்கு இடம் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆங்கிலத்தில் ஒரு பெண் பாடினாள். அடுத்த வரி எடுப்பதற்கு முன்னால் அவள் மூச்சை இழுத்தாள். பாடுகிறவர்கள் நடுவில் மூச்சு வாங்குவார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட, அதில் என் துணி இல்லை. உரசல் இல்லை. நான் அசைந்தேன், அப்போதும் இல்லை. என் சேலை இல்லாத உலகத்தை முதல் தடவையாகக் கேட்டேன். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. இவரோடு வாழ்க்கை நன்றாக இருக்கும் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன்.

சீனப் பெண் தோளைத் தட்டினாள். நேரம் முடிந்தது. குமிழ்களை எடுத்து நீட்டினேன். அவள் முகம் சுளித்தது. பின்னால் நின்றவர்கள் என் உள்ளங்கையைப் பார்த்தார்கள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் புரிந்தது: கையிலேயே அது அலறிக்கொண்டிருந்தது.

"வாவ், சோ லவுட் ஆ!" என்றாள். அவள் வாயில் படித்தேன்.

அவர் ஒரு குமிழை வாங்கித் தன் காதருகே கொண்டுபோய், சுட்டதுபோல் கையை இழுத்தார். சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நான் எதிரே நின்ற சீனப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளுக்கு மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அங்கே பார்த்தாள். யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் கண்ணிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். திரும்பினேன். அவர் வாய் என் பெயரின் கடைசி எழுத்தில் திறந்திருந்தது. எத்தனை தடவை கூப்பிட்டார் என்று தெரியாது.

நான் அழவில்லை. அவ்வளவு பேர் முன்னால் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல என்னைச் சோதித்தவர் முன்னால் எதற்கு அழ வேண்டும்?

பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "ஏன்... என்கிட்ட... சொல்லல?" ஒரே மத்தியானத்தில் அவரும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டார்.

"மூணாவது ஓலை முடிஞ்சதும் சொல்லலாம்னு அம்மா சொன்னாங்க" என்றேன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். முகம் தெரியாததால் என்னவென்று தெரியாது, இன்றுவரை தெரியாது. கண்காட்சியிலேயே அந்தக் குமிழ் ஒரு செட் வாங்கியிருந்தார். பையிலிருந்து எடுத்து, தன் டேப் ரெக்கார்டரில் சொருகி, காதில் மாட்டிக்கொண்டார். எங்கள் புளோக் வரும்வரை கழற்றவே இல்லை. அவர் கீழேயே நின்றுவிட்டார், தேநீருக்கு மேலே வரவில்லை.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "ஆம்பளைங்க கோவம், விடிஞ்சா போயிடும். நாளைக்கு ஓலை படிச்சிடுவாங்க, பாரு" என்றார். சொல்லும்போது கை சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தது. நானும் உள்ளூர அதையே விரும்பினேன். அவ்வளவு நடந்த பிறகும், ஒருநாள் கவனமாகக் கேட்கிறாய் என்று சொன்னவர் நான் அந்தப் பாட்டைக் கேட்டபோது நினைத்ததைத் தானும் நினைப்பார் என்று நம்பினேன். புத்தி கெட்ட நம்பிக்கைதான்.

மறுநாள் காலை அம்மா குளிக்கப் போனதும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். என் கடைசி ஓலையையாவது என் காதால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. டப்பாவை ரவிக்கைக்குள் மாட்டி, ஒயரைப் பின்கழுத்தில் ஏற்றி, முடியை இறக்கிவிட்டு, முக்காட்டை வழக்கத்தைவிட இழுத்துப் போட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை.

கோயிலில் அவர் வீட்டார் உட்காருகிற பெஞ்சு காலி. பூசை முடியும் தறுவாயில் ஃபாதர் அறிவிப்புகளை எடுத்தார். கட்டைவிரலால் சேலைக்கு மேலேயே சக்கரத்தைத் தேடி முழுக்கத் திருப்பினேன். துணி உரசலுக்கு நடுவே ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. மறைக்கல்வி வகுப்பு நேரம் மாறியிருக்கிறது. யாரோ கறுப்புக் குடையை விட்டுப் போயிருக்கிறார்கள். ஃபேரர் பார்க்கில் ஒரு நோயாளிக்காக ஜெபிக்க வேண்டும். ஒரு ஓலை, வேறு இருவருடையது. அப்புறம் ஃபாதர் தாளை மடித்தார். எல்லாரும் எழுந்தார்கள்.

அம்மா அசையாமல் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, முந்தின இரண்டு ஞாயிறும் செய்தது போலவே ஓசையில்லாமல் உதட்டைப் பெரிதாக அசைத்தார்.

"படிச்சாச்சு."

நான் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டேன். ஒயர் வெளியே தெரிந்தது.

"கேட்டுச்சும்மா" என்றேன்.